லாடப்பூச்சி மேல் விழுந்த பழி

முட்டிவலி, சர்க்கரை, பிள்ளைகள் வேலை பார்க்கும் ஊர்களின் குளிர் என்று எல்லாம் பேசி முடித்தாயிற்று. நம் வயதுக்காரர்கள் கூடினால் அதற்குப் பிறகு ஒரு மௌனம் வரும். அந்த இடத்தில் நான் இதைச் சொல்லிவிடுகிறேன். நான் விலங்கியல் படித்ததும், கல்லூரியில் அதையே சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றதும் அப்பாவின் ஆசையால் என்று உங்களில் பலர் நினைத்திருக்கிறீர்கள். அப்பாவுக்கு நான் பேங்க்கில் வேலை பார்க்க வேண்டும் என்றுதான் ஆசை. என் படிப்பு ஒரு கோடை விடுமுறையில், ஒரு பாறையின் மேல் முடிவானது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அப்பா திண்டுக்கல் பக்கத்துக்காரர். ஓசூரில் புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர் வேலைக்குச் சேர்ந்திருந்தார். குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லை. ஊருக்கு வெளியே, ஒரு விவசாயி தன் தோட்டத்தில் கட்டி விட்டிருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். முன்பக்கம் தார் ரோடு. அதில் பெங்களூர் லாரிகள். பின்பக்கம் கேழ்வரகுக் காடு, மாட்டுக்கொட்டகை, ஒரு துண்டு சோளக் கொல்லை, அதற்கப்பால் யானை படுத்திருப்பதைப்போல ஒரு மொட்டைப் பாறை. காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் வீட்டுக்காரரின் சேவல் பதிலுக்குக் கூவும். இரண்டில் எது முதலில் என்று எனக்கும் அம்மாவுக்கும் பந்தயம் நடக்கும்.

வீட்டுக்காரரும் அவர் மனைவியும் தங்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள். எங்களிடம் தமிழ். நான் அவரை மாமா என்றும் அந்தம்மாவை அத்தை என்றும் கூப்பிடுவேன். மாமா ஒல்லியாக, உயரமாக, எப்போதும் எதையோ மறந்துவிட்டுத் தேடுகிறவர்போல இருப்பார். அத்தை அதிகம் பேச மாட்டார். ஜவளகிரியில் பிறந்தவர். காட்டோரத்து மனுஷி. யானை வரும் ஊரில் வளர்ந்ததால் எதற்கும் பதற மாட்டார் என்று அம்மா சொல்வாள்.

அந்த வருஷம் பங்குனியில் ஓசூருக்கு ஒரு பொருட்காட்சி வந்தது. ராட்டினம், மரணக்கிணறு, டெல்லி அப்பளம், இவற்றோடு ஒரு டைனோசர். வாசலிலேயே நின்றது. மூங்கில் தப்பையில் சாக்கு சுற்றி, மேலே பசையும் காகிதமும் ஒட்டி, பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கழுத்து இடமும் வலமும் திரும்பும், வாய் திறக்கும். குழாய் ஒலிபெருக்கியில் ஒரு கனத்த குரல், "கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பு இந்தப் பூமியை ஆண்ட அரக்கன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நாங்கள் போன அன்று கழுத்து பாதியில் நின்றுவிட்டது. வாய் திறந்தபடி அது எங்களையே பார்த்தது.

அப்பாவுக்கு நின்றுபோன எந்த மெஷினையும் கடந்து போக முடியாது. பொருட்காட்சிக்காரரிடம் பேசி, வயிற்றிலிருந்த சிறு கதவைத் திறந்து உள்ளே நுழைந்தார். டார்ச் பிடிக்க ஆள் வேண்டுமென்று என்னையும் கூப்பிட்டார். ஒரு டைனோசரின் வயிற்றுக்குள் போய்வந்த ஆள் நம்மில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். சாக்கும் மைதாப் பசையும் கிரீஸும் கலந்த வாடை. சைக்கிள் செயின் ஒன்று பல்லிலிருந்து கழன்று தொங்கியது. அப்பா அதை மாட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, "இப்ப ஓடும்த்தா" என்றார். ஓடியது. நான் வெளியே வந்து அதன் முகத்தைப் பார்த்தேன். இது பொய் டைனோசர் என்பது எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரியும். அதனாலேயே மெய் டைனோசர் ஒன்று எனக்கு வேண்டும் என்று தோன்றியது. கண்டுபிடித்தே தீருவது என்று அன்று இரவே முடிவு செய்தேன்.

மறுநாள் முதல் பாறையடியில் தோண்டினேன். மாமாவின் கடப்பாரை என்னைவிட உயரம். அம்மாவின் தோசைக்கரண்டியால் தோண்டினேன். ஒரு வாரத்தில் வளைந்த எலும்பு ஒன்று கிடைத்தது. அதைச் சட்டைத் துணியில் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் அறிவியல் டீச்சரிடம் கொடுத்தேன். டீச்சர் அதை வாங்காமலே பார்த்தார்.

"இது மாட்டு விலா. எங்க எடுத்த?"

"பாறைக்குக் கீழ, டீச்சர். டைனோசர்."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. இங்கிருக்கும் பாறையெல்லாம் எலும்பு என்று ஒன்று உலகத்தில் உண்டாவதற்கு முன்பே இறுகிப்போனவை, டைனோசர் வேண்டுமென்றால் அரியலூர்ப் பக்கம் போய்ப் பிறந்திருக்க வேண்டும் என்றார். "இந்தப் பாறையில ஒண்ணும் கெடைக்காது. எந்தக் காலத்துலயும் எந்த உயிரும் இருந்ததில்ல. வெறும் கல்லு. நேரத்த வீணாக்காத."

அவர் சொன்னதில் முக்கால்வாசி சரி. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கல்லின் வயது எனக்குப் பிற்பாடு தெரிந்தபோது நானே மலைத்தேன். பர்கூரில் அறுத்துப் பாலிஷ் போட்டுக் கப்பலேற்றும் கல்லுக்கு முன்னால் டைனோசரெல்லாம் நேற்றுப் பிறந்த பிள்ளை. ஆனால் டீச்சர் கல்லுக்கு உள்ளே மட்டும் பார்த்துச் சொன்னார். கல்லுக்கு மேலே பார்க்கவில்லை. என் முகம் விழுந்துவிட்டதைக் கண்டு, விடுமுறைக்கு லைப்ரரியிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை என் பெயரில் எடுத்துக் கொடுத்தார். ஆங்கிலப் புத்தகம், வழவழ தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர்ப் படம். அதற்காக அவரை இன்றைக்கும் கும்பிடுவேன்.

அந்தப் புத்தகத்தை அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். இரண்டு பக்கங்கள் என்னை விடவே இல்லை. ஒன்றில், காய்ந்த சேற்றில் டைனோசர்கள் விட்டுப்போன காலடித் தடங்கள். அகலத்தை வைத்து எடை, இடைவெளியை வைத்து ஓடியதா நடந்ததா, ஆழத்தை வைத்து எந்தக் காலில் வலி என்றெல்லாம் சொல்ல முடியுமாம். தடத்துக்குள் சாந்து ஊற்றி அச்செடுக்கும் படமும் இருந்தது. இன்னொன்றில், டைனோசருக்கும் முந்தைய கடலில் வாழ்ந்து மொத்தமாக அழிந்துபோன டிரைலோபைட் என்ற பிராணி. கேடயம் போட்ட கரப்பான்பூச்சி மாதிரி.

அதன் பிறகு நான் மாமாவின் கோழிகளைப் பின்தொடர்ந்தேன். சேவல் ஓடும்போது கழுத்தை முன்னே நீட்டி, வாலைப் பின்னே நீட்டி, விரல்களை மடக்கி எடுத்து வைப்பதைப் பாருங்கள். படத்திலிருந்த இரண்டுகால் டைனோசரேதான். பாறை மேல் கோடையில் ஆண் ஓணான்களின் முதுகு செங்கல் நிறமாகிவிடும். அவை முன்னங்காலில் எழுந்து தலையாட்டுவதை மணிக்கணக்கில் பார்ப்பேன். முகமெல்லாம் கறுத்துவிட்டதென்று அம்மா மஞ்சள் பூசிக் குளிப்பாட்டுவாள். மறுநாள் திரும்பப் போய்விடுவேன்.

சித்திரையில் ஆலங்கட்டியோடு மழை பெய்தது. பாறையின் மேல் கிண்ணம் மாதிரி ஒரு பெரிய குழியும் சில சிறிய குழிகளும் உண்டு. வருஷம் முழுக்க உலர்ந்த மண்ணும் கோரைப்புல்லுமாகக் கிடக்கும். மழையில் அவை நிறைந்தன. முதலில் தண்ணீரில் தூசிபோல என்னவோ துள்ளியது. ஒரு வாரம் கழித்துப் போய்க் குனிந்தேன்.

கட்டைவிரல் நீளத்தில் ஒரு பிராணி சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. முதுகில் குதிரை லாடம் போன்ற பழுப்புநிற ஓடு. ஓட்டுக்குப் பின்னால் வளையம் வளையமாக உடம்பு. அதன் முனையில் இரண்டு நூல்வால்கள். தலையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கண்கள், அவற்றுக்கு நடுவே வெளிறிய ஒரு பொட்டு, மூன்றாவது கண்போல. சட்டென்று அது மல்லாந்து நீந்தியது. வயிற்றில் எண்ண முடியாத கால்கள், சிவந்து, காற்றில் நெற்பயிர் அசைவதுபோல வரிசையாக அசைந்தன. கையில் அள்ளினேன். உள்ளங்கையில் கூச்சம் காட்டியது. கடிக்கவில்லை.

செத்து அழிந்தது என்று புத்தகம் சொன்ன பிராணி என் கையில் நெளிகிறது என்று நான் நம்பினேன். அது தப்பு. டிரைலோபைட்டுக்கு இது தூரத்து உறவு மட்டுமே. டிரையாப்ஸ் என்பார்கள். மூன்று கண்ணன் என்று அர்த்தம். முட்டைகள் உலர்ந்த மண்ணில் வருஷக்கணக்கில் செத்ததுபோலக் கிடந்து, மழை விழுந்ததும் பொரித்து, சில வாரங்களில் வளர்ந்து, முட்டையிட்டு முடிந்துவிடும். டைனோசர் தோன்றுவதற்கு முன்பே இந்த உருவம் வந்தாயிற்று. டைனோசர் போன பிறகும் பெரிய மாற்றமில்லாமல் இருக்கிறது. இதெல்லாம் பிறகு படித்தது. அன்றைக்கு நான் அதற்கு லாடப்பூச்சி என்று பெயர் வைத்தேன். நான் சொன்னதைக் கேட்டு அப்பா, "தவளக்குஞ்சு" என்றார். அத்தை வந்து பார்க்காமலே, "ஏதோ புருகு" என்றார். தெலுங்கில் புருகு என்றால் பூச்சி, புழு எல்லாம்தான்.

பொழுதெல்லாம் அந்தக் குழியருகே கிடந்தேன். கொசுப்புழுவை அவை எப்படி வளைத்துத் தின்கின்றன, ஓட்டை எப்படிக் கழற்றிப் போடுகின்றன, வெயில் ஏறினால் எந்தப் பக்கம் ஒதுங்குகின்றன என்று எனக்குத் தெரியும். எந்த வகுப்பிலும் நான் அத்தனை கவனமாக இருந்ததில்லை.

இன்னொரு மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். களியில் குழி பறித்து அம்மா குழம்பு ஊற்றும்போது பாறைப்பக்கத்திலிருந்து ஆட்கள் கத்தும் சத்தம் கேட்டது. ஓடினோம். பாறையடியில் அத்தையின் கிடாரி விழுந்து கிடந்தது. சந்தன நிறக் கிடாரி, நெற்றியில் வெள்ளைப்பொட்டு. அத்தைக்கு ஜவளகிரியிலிருந்து தாய்வீட்டில் சீராகக் கொடுத்து ஓட்டிவிட்ட இளம்பசு. வயிறு உப்பி, வாயில் நுரை. மாமா அதன் கழுத்துக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கால்கள் ஒருமுறை உதைத்து அடங்கின.

அத்தை அழவில்லை. கிடாரியின் தலையை மடியில் எடுத்து வைத்து, முந்தானையால் வாயைத் துடைத்தார்.

"என்னாச்சு?" என்று அப்பா கேட்டார். அவருக்கு அன்று இரண்டாவது ஷிப்ட்.

"குழித் தண்ணியக் குடிச்சிருச்சிங்க" என்றார் மாமா. "நான் வர்றதுக்குள்ள தல சுத்தி விழுந்திருச்சி. அந்தப் புருகுதான். வெசம்."

எல்லோரும் பாறை மேலிருந்த குழிப் பக்கம் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "காலைல பூரா நான் அங்கதான் இருந்தேன். கிடாரி வரவேயில்ல" என்றேன்.

"நீ சோறு துன்னப் போனப்ப வந்துச்சி பாப்பா" என்றார் மாமா.

அம்மா என் தோளைக் கிள்ளி வீட்டுக்கு இழுத்துவந்தாள். அன்றிலிருந்து நான் பாறைக்குப் போகக்கூடாது. கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவ வைத்தாள். சாயங்காலம் அத்தை பஸ் பிடித்து டவுனுக்குப் போய்ப் பூச்சிமருந்து டப்பா ஒன்று வாங்கிவந்து மாமாவின் கையில் கொடுத்ததை எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தேன். "எல்லாக் குழிலயும் ஊத்து. ஒண்ணு இருக்கக் கூடாது" என்றார். மாமா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஊற்றுவதாகச் சொன்னார்.

மறுநாள் அம்மா கடைக்குப் போன நேரம் நான் பாறைக்கு ஓடினேன். குழியின் ஓரமெல்லாம் மெத்தென்ற சேறு. வாலாட்டிக் குருவியின் முள் மாதிரித் தடம் இருந்தது. என் கால் தடம் இருந்தது. ஒரு குளம்புத் தடம்கூட இல்லை. தண்ணீர் குடிக்க வந்த மாடு பறந்தா வந்தது? புத்தகத்தின் அந்தப் பக்கம் கண்முன் விரிந்தது. கிடாரி விழுந்த இடத்திலிருந்து பின்னோக்கி நடந்தேன்.

மழையில் நனைந்து வெயிலில் இறுகத் தொடங்கியிருந்தது மண். கிடாரியின் முன்னங்குளம்பு ஒன்றில் ஓரம் உடைந்திருக்கும். எனக்கு அது தெரியும். அந்த உடைந்த குளம்பு கொட்டகையிலிருந்து வரவில்லை. சோளக் கொல்லையிலிருந்து வந்தது. கொல்லையை விட்டு வெளியேறிய இடத்தில் தடங்கள் நேராக இருந்தன. பாறையை நெருங்க நெருங்க அகன்று, ஒன்றையொன்று இடறி, கடைசியில் இழுபட்டன. கூடவே ஒரு செருப்புத் தடம். டயர்ச் செருப்பு. குதிகாலில் வேறொரு டயரின் துண்டு வைத்துத் தைத்தது. தடத்தின் முன்பகுதி ஆழமாகப் பதிந்திருந்தது. பாரத்தை இழுக்கிறவன் அப்படித்தான் ஊன்றுவான்.

கொல்லை வேலியை அடைத்திருந்த முள்கட்டு ஒன்று எடுத்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. தண்ணீர்க் குழாயை உள்ளே இழுத்துப்போக வழி. குழாய் உள்ளே கிடந்தது. வழியைத் திரும்ப அடைக்க மறந்திருக்கிறார்கள். அறுத்த சோளக்கட்டையில் மழைக்குத் துளிர்த்த குருத்துகள் ஓரிடத்தில் மட்டும் மொட்டையாக மேயப்பட்டிருந்தன. காய்ந்து கிடந்து துளிர்த்த சோளக் குருத்து மாட்டை நின்ற இடத்தில் கொல்லும் என்பது அந்தப் பக்கம் குழந்தைக்கும் தெரியும். கன்றை அங்கே விடாதே என்று அத்தையே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் ஷேவ் செய்வதை நிறுத்திக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"யார்ட்டயாச்சும் சொன்னியாத்தா?"

"இல்லப்பா."

"சொல்லாத. அது அவங்க வீட்டு விசயம். நாளைக்கு வீட்டக் காலி பண்ணுன்னா சாமான் சட்டியத் தூக்கிக்கிட்டு எங்க போறது? பூச்சிதான, வேற எடத்துல இருக்கும்."

வேறெங்கும் இல்லை என்றுதான் நான் நம்பினேன். உலகத்திலேயே மிச்சமிருப்பவை என் குழியில் இருப்பவைதான் என்று. அப்படி நம்பும் ஒரு பிள்ளையிடம் வாடகை வீட்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

மேற்கே மேகம் கட்டியது. இன்னொரு மழை வந்தால் தடமெல்லாம் கரைந்துவிடும். சாந்துக்கு எங்கே போவது? அம்மா மாதாவுக்கு ஏற்றி மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளை ஒரு பவுடர் டின்னில் சேர்த்து வைத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு போய், மூன்று கல் வைத்து, சுள்ளி மூட்டி, டின்னோடு உருக்கினேன். செருப்புத் தடம் தெளிவாக இருந்த ஓரிடத்தில் மெல்ல ஊற்றினேன். உருகிய மெழுகின் வாசனையும் ஈரமண் வாசனையும் சேர்ந்து கோயில் மாதிரி மணந்தது. விரல் சுட்டுக் கொப்பளித்தது. ஆறியதும் பெயர்த்தெடுத்தேன். அடியில் மண் ஒட்டிய, கனமான, மஞ்சள் வெள்ளையில் ஒரு குதிகால். தையல் முடிச்சுகூட விழுந்திருந்தது. அன்று மாலையே மழை கொட்டியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மாவிடமிருந்து நழுவிப் பாறைக்கு வந்துவிட்டேன். பெரிய குழியில் முழங்கால்வரை இறங்கி நின்றேன். பாவாடையைத் தூக்கிச் செருகி, மெழுகுக் குதிகாலை அதில் சுற்றி வைத்திருந்தேன். லாடப்பூச்சிகள் என் கால்விரல்களைக் கிளறின. மாமா டப்பாவும் வாளியுமாக ஏறி வந்தார்.

"ஏமம்மா, தண்ணில நிக்கிற? வெளிய வா."

"வரமாட்டேன் மாமா."

"இது மருந்து. பட்டுச்சின்னா ஒடம்பெல்லாம் வெந்துரும். வா, நல்ல புள்ள இல்ல?"

"இதுங்க கிடாரியக் கொல்லல."

"உனக்கு என்னா தெரியும்?"

நான் பாவாடையிலிருந்து எடுத்து நீட்டினேன். குரல் நடுங்கவில்லை என்பது எனக்கு இன்றும் பெருமை. "சோளக் கொல்லையிலிருந்து கிடாரிய இழுத்துட்டு வந்தவங்க செருப்பு, மாமா. கிடாரி தடமும் பக்கத்துலயே இருந்துச்சி."

அவர் அதை வாங்கினார். தன் காலைத் தூக்கிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். வெகுநேரம் மெழுகை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"கொழாய இழுக்கத்தான் முள்ள எடுத்தேன்" என்றார் கடைசியில், என்னிடம் இல்லை, குழியிடம். "திரும்பி வந்து வெக்கலாம்னு இருந்தேன். மறந்துட்டேன். போய்ப் பாத்தா உள்ள நிக்குது. வெளிய இழுத்தாப் பொழச்சிக்கும்னு நெனச்சேன். அத்தைக்கு அவங்க அம்மா வீட்டுல குடுத்தது பாப்பா. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்றது?"

எனக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்தது. "மருந்து ஊத்தாதீங்க. நான் அத்தகிட்ட சொல்லமாட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இந்தப் புருகுக்காகவா இவ்ளோ?"

"இது டைனோசருக்கு முன்னாடியே இருந்தது, மாமா. நாமதான் புதுசா வந்திருக்கோம்."

அவர் முகத்தில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்து போனது. எழுந்தார். டப்பாவை எடுத்துக்கொண்டார். மெழுகை மேல்துண்டில் சுற்றிக்கொண்டார். "எவரிக்கீ செப்பொத்து" என்றார். யாரிடமும் சொல்லாதே என்று. நான் தலையாட்டினேன். அந்த மெழுகுக் குதிகாலை அதன்பிறகு நான் பார்க்கவில்லை.

மருந்து மழைத்தண்ணீரோடு ஓடிக் கிணற்றில் இறங்கிவிடும், வேண்டாம் என்று அவர் அத்தையிடம் சொன்னது எங்கள் வாசல்வரை கேட்டது. அத்தை அவரைப் பார்த்தபடி கொஞ்சநேரம் நின்று, "சரி" என்று டப்பாவை வாங்கி உள்ளே கொண்டுபோனார். அவ்வளவுதான். எங்களை யாரும் காலி பண்ணச் சொல்லவில்லை. மெழுகுவத்திக்காக அம்மாவிடம் நான் வாங்கிய அடி தனி.

பூச்சிகள் அந்த வைகாசி கடைசிவரை இருந்தன. குழி வற்ற வற்ற ஒவ்வொன்றாய் அடங்கின. அடுத்த வருஷ மழைக்குத் திரும்ப வந்தன. அதற்கடுத்த வருஷமும். ஒரு பெரிய ஆளை எதிர்த்து நின்று ஜெயித்துவிட்டேன் என்ற எண்ணம் என் முதுகெலும்பை நிமிர்த்தி வைத்தது. எம்.எஸ்ஸி. சீட்டுக்காக நின்றபோதும், பேங்க் பரீட்சையை எழுத மாட்டேன் என்று அப்பாவிடம் சொன்னபோதும், பொம்பளை தனியாகக் காட்டுக்குப் போய் நத்தையும் தவளையும் எண்ணுவதா என்று துறைத்தலைவர் கேட்டபோதும் நான் மனத்துக்குள் அந்தக் குழியில்தான் நின்றேன். பாறை பிற்பாடு ஜல்லியாகிவிட்டது. எந்த ரோட்டில் கிடக்கிறதோ. அங்கே இப்போது ஷெட்டுகளும் எட்டு மாடிக் கட்டடமும் நிற்கின்றன. டிரையாப்ஸ் இருக்கும் வேறு பாறைகளைத் தேடி மாவட்டம் முழுக்க அலைந்திருக்கிறேன். கண்டுபிடித்தும் இருக்கிறேன். அப்பா சொன்னது ஒருவகையில் சரிதான், வேறு இடங்களிலும் இருந்தன. ஆனால் அவர் தேடிப்பார்த்துச் சொல்லவில்லை.

போன தையில் ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அத்தையைப் பார்த்தேன். அவருடைய பேரனுக்குக் கல்யாணம். மாமா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அத்தை நாற்காலியில் சாய்ந்து பட்டுப்புடவைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"புருகுப் பாப்பா" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து பேசினோம். மாமா இல்லாத பிறகும் வாக்கைக் காக்க வேண்டுமா என்று எனக்குள் ஒரு போராட்டம். பொய்யான பழி ஒன்று அந்தப் பூச்சிகள்மேல் இத்தனை வருஷமாக இருக்கிறது. "அத்த, அந்தக் கிடாரி..." என்று தொடங்கினேன்.

"சோளத்துல மேஞ்சிச்சி" என்றார்.

நான் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டேன்.

"வாயத் தொடச்சது நான்தான பாப்பா? முந்தானையெல்லாம் பச்ச. தண்ணி குடிச்சிச் செத்தா பச்சையாவா நொர வரும்? அன்னிக்கே வேலி வரிக்கும் போய்ப் பாத்துட்டுத்தான் டவுனுக்கு பஸ் ஏறினேன்."

"அப்புறம் எதுக்கு அத்த மருந்து வாங்கினீங்க?"

"அவர் சொல்லட்டும்னுதான். என்னாத்துக்கு அந்த ஜீவனுங்களக் கொல்லணும், முள்ள எடுத்தது நான்தான்னு ஒரு வார்த்த சொல்லுவார்னு பாத்தேன். மருந்தக் கையில குடுத்தா மனசு கேக்காது அவருக்கு. எறும்ப மிதிக்க மாட்டார். ஞாயித்துக்கெழம காலைல கெளம்பும்போது கண்ணெல்லாம் கலங்கிக்கினுதான் போனார். வந்து சொல்லிருவார்னு அடுப்பப் பத்த வெக்காம உக்காந்திருந்தேன். நீ குழில எறங்கி நின்னது பின்வாசல்லருந்தே தெரிஞ்சிச்சி. குறுக்க வந்து காப்பாத்திட்ட."

"கடைசி வரைக்கும் சொல்லலையா?"

"இல்ல. நானும் கேக்கல." அத்தை மேடையைப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு யாரோ மாலையைச் சரி செய்துகொண்டிருந்தார்கள். "நல்ல மனுசன்தான். அந்த ஒரு வார்த்த மட்டும் எங்க நடுவுல கெடந்துச்சி."

இரவு வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அன்று வேலியோரத்து மண்ணில் வெறுங்கால் தடமும் இருந்தது. போனதும் வந்ததுமாக. கூட்டத்தில் யாருடையதோ என்று நான் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். தடம் படிக்கத் தெரியும் என்ற பெருமையில் இருந்தவள், பக்கத்திலேயே கிடந்த ஒரு மனுஷியின் தடத்தைப் படிக்கவில்லை. வருத்தப்பட்டுப் பயனில்லை. அத்தைக்கு வரவேண்டிய அந்த ஒரு வார்த்தையைத் தெரியாமலே நான் தட்டிவிட்டேன். அதற்குப் பதிலாக அவருக்குக் காட்ட என்னிடம் ஒன்றுதான் இருந்தது.

இந்தச் சித்திரையில் நாட்றாம்பாளையம் பக்கம் நல்ல மழை என்று தெரிந்ததும் ஒரு வாரம் பொறுத்திருந்து, காரை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டு வாசலில் போய் நின்றேன். மருமகள் தடுத்தாள். இந்த வயதில் பாறை ஏறுவதா என்றாள். அத்தை போய் ரப்பர்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

அஞ்செட்டி தாண்டி, கேழ்வரகுக்கு உழுது போட்ட நிலங்களைத் தாண்டி, காட்டோரத்தில் தாழ்வான ஒரு பாறை எனக்குத் தெரியும். ஏற்றம் அதிகமில்லை. ஆனாலும் எங்கள் இருவரின் முட்டிகளுக்கும் அது மலைதான். நின்று நின்று ஏறினோம். அத்தை என் தோளைப் பிடித்திருந்தார். நடுவில் ஒருமுறை, "திரும்பிடலாமா அத்த?" என்று கேட்டேன். "நட" என்றார்.

குழியில் தண்ணீர் தெளிந்து கிடந்தது. அவரை விளிம்பில் உட்காரவைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அடிச்சேறு ஓரிடத்தில் அசைந்தது. லாட ஓடு ஒன்று எழும்பியது. அதன் பின்னால் இன்னொன்று. ஒன்று மல்லாந்து, சிவந்த கால்களை அசைத்தபடி மேலே வந்தது.

அத்தை தண்ணீருக்குள் கையை விட்டார். சுருங்கிய அந்த விரல்களின் மேல் அது ஏறி, நகத்தைக் கிளறிப் பார்த்துவிட்டு, மறுபக்கம் இறங்கிப் போனது. அவர் கையை எடுக்கவே இல்லை.

"இத்தனூண்டா?" என்றார். "இது மேலயா போட்டார் பழிய?"